செத்த நண்டு

எங்கள் வீட்டுக் கராஜில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு முன்னால், ஒரு நீல நிற டீ-சேர்ட் தரையில் கிடக்கிறது. மெஷின் இடைக்கிடை தண்ணீர் கசியும். அதை உறிஞ்சட்டும் என்றுதான் போட்டிருக்கிறேன். தடித்த பருத்தித் துணி, எக்ஸ்ட்ரா லார்ஜ், ஒருவரும் ஒருநாளும் உடுத்தாதது. நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு நங்கூரம் இருக்கிறது. நங்கூரத்துக்குக் கீழே எழுத்து இருந்த இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய நீட்டு ஓட்டை ஒன்று இருக்கிறது. என் கணவர் இதை ஒருமுறை எடுத்துத் தோய்த்து, மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டார். "அப்பாவின்ர சாமானெல்லே, விடுமப்பா," என்றார். நான் எடுத்து வந்து மறுபடியும் தரையில் போட்டேன். அது அவருடைய அப்பாவின் சாமான் அல்ல. அவருடைய அப்பாவிடம் இருந்து எடுத்தவர்களின் சாமான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆறின பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன், ஆறவில்லை.

என் கணவரின் தகப்பனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மன்னார்க் கரையில் பிறந்த கத்தோலிக்கர். மீசை தும்புத்தடிபோல நிற்கும், ஆள் சிறியவர், நடை மட்டும் கடைசிவரை வேகம். இளம் வயதில் இலங்கைக் கடற்படையில் சேர்ந்து சிக்னல்காரராக இருந்தார். கொடியாலும் விளக்காலும் கப்பலுக்குக் கப்பல் சேதி சொல்வது வேலை. நாடு கெடத் தொடங்கியபோது தானாகவே விலகி, சரக்குக் கப்பல்களில் அலைந்து, கடைசியில் மெல்பேர்ன் வந்து நோபல் பார்க்கில் வீடு வாங்கினார். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் இருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மீன் மணத்துக்குப் பழக எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. மாமாவுக்குப் பழக ஒரு கிழமைகூட எடுக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிகளில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். டொக்டர் சொல்வதைத் தமிழில், நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையின் சட்டம். நோயாளி டொக்டரை "விசரன்" என்றால் நானும் முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள். மாமியிடம் நான் உப்புக் காணாது என்று சொன்னால், "கூட்டாமல் குறைக்காமல் சொல்லு, பிள்ளை, எவ்வளவு காணாது?" என்பார். இந்த வேலைப் பழக்கமோ என்னவோ, ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் தன்னுடையது என்று சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும்.

மாமாவின் சொல் மூன்று. நண்டு, கணவாய், சுறா. அவை ரக்பி மைதானத்தில் போட்ட சொற்கள்.

இலங்கையில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் வருஷம் ஒருமுறை ரக்பி ஆட்டம் நடக்கும். வெள்ளைக்காரன் போகும்போது விட்டுப்போனவற்றில் அதுவும் ஒன்று. இரண்டு பகுதியும் ஒரே நாட்டுக்குத்தான் சம்பளம் வாங்கினார்கள், ஆனால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் அண்ணன் தம்பி காணிச் சண்டை மாதிரி முட்டிக்கொள்வார்கள். தரைப்படையில் மலைநாட்டுப் பக்கத்துத் தடித்த ஆட்கள். கடற்படையில் உப்புக் காற்றில் வற்றிய ஆட்கள். அதனால் பெரும்பாலும் தரைப்படைதான் வெல்லும். தோற்ற அணி அன்றிரவு ஏப்ரன் கட்டி, வென்ற அணிக்குச் சோறு பரிமாற வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். கடற்படை வருஷக்கணக்காகப் பரிமாறிக்கொண்டே இருந்தது. மாமா அதைச் சொல்லும்போது, "சுடச்சுடப் போடுவம், பிள்ளை, கை பொசுங்கப் பொசுங்க. அவங்கள் கறியில குறை வேற சொல்லுவாங்கள்," என்பார்.

அந்த ஆட்டத்தில் பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனால், இரண்டு அணியின் உயரமான ஆட்களும் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்பார்கள். கோட்டில் நின்று ஒருவர் இரண்டு வரிசைக்கும் நடுவில் பந்தை எறிவார். எம்பிப் பிடிப்பவர்களுக்குப் பந்து. எறிவது அந்தக் காலத்தில் ஓரத்தில் ஓடுகிற சின்ன ஆட்களின் வேலை. மாமா ஓரத்தில் ஓடுகிறவர். எறிவதற்கு முன்னால் ஒரு சொல்லைக் கத்துவார். முன்னுக்கு நிற்பவருக்கா, நடுவில் நிற்பவருக்கா, கடைசியில் நிற்பவருக்கா என்று தன் ஆட்களுக்கு மட்டும் விளங்க வேண்டும். கடற்படை ஆங்கிலச் சொற்களைப் பாவித்தது, சிங்களச் சொற்களைப் பாவித்தது. மற்றப் பகுதியும் அதே பள்ளிக்கூடங்களில் படித்து அதே மொழி பேசுகிறவர்கள். அரைவாசி ஆட்டத்துக்குள் எல்லாம் பிடிபட்டுவிடும்.

அப்போதுதான் சிக்னல்காரரான மாமா, தமிழில் கத்துவோம் என்றார். அணியில் தமிழர் அவர் ஒருவர்தான். முன்னுக்கு நண்டு, நடுவுக்குக் கணவாய், கடைசிக்குச் சுறா. கரையில் இருந்து கடலுக்குள் போகப் போக எது எது அகப்படுமோ அந்த ஒழுங்கு. திருகோணமலை முகாமில் சாப்பாட்டு மேசையில் வைத்து அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வாயில் நண்டு நந்து ஆனது, சுறா சுரா ஆனது. அணித் தலைவர் மட்டும் கெட்டிக்காரர், "ண்" சரியாக வரும்வரை மாமாவை விடவில்லையாம். அவரை எல்லோரும் ஸ்கிப்பர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வரிசையின் கடைசியில் நிற்கும் நெட்டையர், அவர்தான் சுறா.

அந்த வருஷத்து ஆட்டம் மழையில் நடந்தது. இடைவேளைக்குள் தரைப்படைக்காரர்கள் நண்டு என்றால் முன்னுக்கு வரும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சொல்லின் கருத்துத் தெரியாவிட்டால் என்ன, சத்தம் பிடிபட்டால் போதும். இடைவேளையில் தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு மாமா ஒரு புதுச் சொல் கொடுத்தார். செத்த. எந்தச் சொல்லுக்கும் முன்னால் செத்த என்று வந்தால் அது பொய். செத்த நண்டு என்றால் பந்து முன்னுக்கு வராது, கடைசிக்குப் போகும். முடிகிற நேரம், தரைப்படை சில புள்ளிகள் முன்னால். அவர்களுடைய கோட்டுக்குக் கிட்டப் பந்து வெளியே போனது. மாமா இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாராம். செத்த நண்டு. தடித்த ஆட்கள் எல்லோருக்கும் நண்டு மட்டும்தான் கேட்டது. அத்தனை பேரும் முன்னுக்கு அடைந்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலால் போய் ஸ்கிப்பரின் கையில் விழுந்தது, ஸ்கிப்பர் அப்படியே பந்தோடு கோட்டுக்கு அங்கால் விழுந்தார், அதற்குத்தான் புள்ளி. அன்றிரவு தரைப்படை ஏப்ரன் கட்டியது. ஸ்கிப்பர் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்தைச் சுற்றி வந்து, இந்தத் தமிழன் தந்த சொல்லால்தான் வென்றோம் என்று சிங்களத்தில் சத்தம் போட்டுச் சொன்னார். மண்டபம் முழுக்க "செத்த நண்டு, செத்த நண்டு" என்று கத்தியது. அதற்குப் பிறகு அந்த அணியின் கோஷமே அதுதான்.

இந்தக் கதையை நான் மாமாவின் வாயால் எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. ஒருமுறையும் அலுக்கவில்லை. பந்து எறிகிற இடம் வந்ததும் எழும்பி நிற்பார், மாமி கதிரையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

இனி இங்கே வருகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த பழைய படைக்காரர்கள் சிலர் சேர்ந்து, அந்த வருஷாந்த ஆட்டத்தை இங்கேயும் தொடங்கினார்கள். ஒரு வருஷம் மெல்பேர்னில், அடுத்த வருஷம் சிட்னியில். ஓடக்கூடிய வயதில் அவர்கள் இல்லை, மகன்களும் பேரன்களும் ஓடினார்கள். மெல்பேர்னில் ரக்பியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மைதானம் எல்லாம் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியப் பந்தாட்டத்தின் நாலு கம்பத்தோடு நிற்கும். எங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் குழாய் வாங்கிக் கட்டி, கம்பம் என்று நட்டு, பாட்டுப் போட்டு, சோற்றுப் பொதி விற்று விளையாடினார்கள். ஸ்கிப்பரும் மெல்பேர்னுக்கு வந்துவிட்டார். கடற்படைப் பகுதிக்கு அவர்தான் தலைவர். ஆட்டம் தொடங்க முன்னர் மைக்கைப் பிடித்து, இந்தப் போட்டியின் வரலாறு என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சுப் பேசுவார். மாமாவுக்கு அழைப்பு வந்தது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனார். கண்பார்வை குறைந்து லைசன்ஸ் போய்விட்டதால் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் வருஷப் பேச்சை நான் என் காதால் கேட்டேன். மழையைச் சொன்னார், சேற்றைச் சொன்னார், கடைசி நேரத்தில் தான் பந்து பிடித்ததைச் சொன்னார். பிறகு, நமது அணியின் புகழ்பெற்ற இரகசியச் சொற்கள், போர்த்துக்கேயர் காலத்துக் கடலோடிகளிடமிருந்து நம் மாலுமிகள் வழிவழியாகப் பெற்றவை என்றார். நீல டீ-சேர்ட் போட்ட நூறு பேர் எழும்பி நின்று "செத்தா நந்து" என்று கத்தினார்கள். நெஞ்சில் தங்க நிற ஆங்கில எழுத்தில் அதை அச்சடித்தும் வைத்திருந்தார்கள். என் மகளுக்கு அப்போது பத்து வயதிருக்கும், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என் கையை இழுத்தாள். "அம்மா, ஏன் எல்லாரும் டெட் க்ராப் எண்டு போட்டிருக்கினம்?" நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஸ்கிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம் அப்படியே இருந்தது, மாற்ற மறந்துவிட்டார்.

போர்த்துக்கேயர். குசினி என்ற சொல் அவர்களிடம் இருந்து வந்தது, கதிரை அவர்களிடம் இருந்து வந்தது, அலுமாரி வந்தது. நாங்கள் அதை மறைக்கவில்லை, யார் கேட்டாலும் சொல்வோம். நண்டைத் தர ஒரு போர்த்துக்கேயனும் எங்கள் கரைக்கு வரவில்லை. அவன் வருவதற்கு எவ்வளவோ காலம் முந்தியே நாங்கள் நண்டு தின்றோம். எனக்கு அங்கேயே மைக்கைப் பறிக்கலாம் போல இருந்தது. மாமா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

ஆட்டம் முடிந்து மாமா ஸ்கிப்பரிடம் தனியாகக் கதைத்தார். சிங்களத்தில் கதைத்தார்கள், பழைய சிநேகிதர்கள் மாதிரித் தோளில் கை போட்டுத்தான் கதைத்தார்கள். காரில் வரும்போது என்ன சொன்னார் என்று கேட்டேன். இங்கே வருகிறவர்களில் போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்களாம், அவர்களுக்கு முன்னால் தமிழ் என்று சொன்னால் வீண் கரைச்சலாம், இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும், தானே சொல்வதாகச் சொன்னாராம். மாமா அதை நம்பினார். "அவனும் பாவம், பிள்ளை, சனத்தைச் சமாளிக்க வேணுமெல்லே," என்றார். நானும் அந்தப் போரில் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவள். அதற்காக நான் ஒருவருடைய சொல்லையும் எடுத்து இன்னொருவருக்குப் பேர் வைக்கவில்லை.

மாமா கேட்டது அதிகமில்லை. படம் போட வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும் என்றெல்லாம் அவருக்கு ஆசை இல்லை. "ஒரு வசனம் காணும். அந்தச் சொல்லு தமிழ் எண்டு ஒருக்கா மைக்கில சொன்னாக் காணும். என்ர பேரையும் சொல்லத் தேவையில்லை," என்பார். அந்த ஒரு வசனத்துக்காக வருஷா வருஷம் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். சிட்னி வருஷங்களில் விடியப் புறப்பட்டு, மாமி கட்டித் தந்த புட்டை, நடு வழியில் கண்டகாய் என்ற ஊர் தாண்டி எங்கேயாவது மரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டு, பொழுதுபட அங்கே போய்ச் சேருவோம். வழி முழுக்க மாமா உற்சாகமாக இருப்பார். இந்த முறை சொல்லுவான் என்பார். திரும்பி வரும் வழி முழுக்க கண்ணை மூடிக்கொண்டு இருப்பார், நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் போர்த்துக்கேயர்தான். ஒரு வருஷம் கொஞ்சம் மாற்றி, மலாய் மாலுமிகளாகவும் இருக்கலாம் என்றார் அந்த மனிதர். தமிழ் என்ற மூன்று எழுத்தைச் சொல்லாமல் இருக்க உலகத்தில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டார்.

எங்கள் பக்கம் மட்டும் திறமா என்று கேட்டால், அதற்கும் எனக்குக் கோபம் இருக்கிறது. தமிழர் கொண்டாட்டங்களில் மாமாவுக்கு ஒரே பெயர்தான், நேவிக்காரர். டண்டினோங்கில் ஒரு கலியாண வீட்டில் நாங்கள் இருந்த மேசைக்கு வந்த ஒருவர், மாமாவைக் கண்டதும் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "நேவியில இருந்த ஆக்களோட இருந்து எனக்குச் சாப்பிட ஏலாது," என்றார், எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். மாமா விலகி எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் போர் தொடங்கியது. அதை எடுத்துச் சொல்ல என் கணவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், பிறகு வீட்டில் எனக்குத்தான் பேச்சு விழுந்தது. "உமக்கேன் தேவையில்லாத கதை?" என்றார் கணவர். இவர்களுக்கு மாமா சிங்களப் படையின் ஆள். அவர்களுக்கு மாமா வாயே திறக்கக் கூடாத தமிழன். ஒரு பகுதி அவருடைய நீலத்தை வெறுத்தது, மற்றப் பகுதி அவருடைய நண்டை விழுங்கியது. நடுவில் நின்ற மனிதருக்கு ஒருவரும் கதிரை போடவில்லை.

கடைசியாக அவர் போன ஆட்டம் மெல்பேர்னில்தான் நடந்தது. அதற்கு முந்திய கிழமை ஸ்கிப்பரே வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். இந்த முறை கட்டாயம் சொல்வேன், நீ முன்வரிசையில் வந்து இரு என்றார். மாமா முடி வெட்டிக்கொண்டு வந்தார். சப்பாத்துக்கு இரண்டு தரம் பொலிஷ் போட்டார். முன்வரிசையில் மாமா, மாமி, நான். நல்ல குளிர், மாமியின் கம்பளிச் சால்வையை மாமாவின் முழங்காலில் போட்டிருந்தோம். ஸ்கிப்பர் மைக்கைப் பிடித்தார். மழை, சேறு, கடைசி நேரம். எங்களைப் பார்த்தார். ஒரு கணம் நிறுத்தினார், நான் நிச்சயமாகக் கண்டேன், வாய் திறந்து மூடியது. பிறகு பார்வையைக் கூட்டத்துக்குத் திருப்பி, நம் மூதாதைக் கடலோடிகள் தந்த சொற்கள் என்றார். நீலச் சட்டைகள் எழும்பிக் கத்தின.

மாமா மெதுவாகச் சால்வையை மடித்தார். "வீட்ட போவம், பிள்ளை," என்றார். ஆட்டம் இன்னும் தொடங்கக்கூட இல்லை. அவர் ஒருநாளும் பாதியில் எழும்பிப் போகிற மனிதர் அல்ல, மழை கொட்டினாலும் கடைசி விசில் மட்டும் இருப்பார். காரில் ஸ்பிரிங்வேல் கிட்ட வரும்போது, சந்தையடியில் நிற்பாட்டச் சொன்னார். மீன் கடைக்குள் போய் நண்டுப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். பார்வை சரியில்லாததால் ஒவ்வொன்றையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கால் அசைந்ததை எடுத்தார், அசையாததைத் தள்ளி வைத்தார். கடைக்கார வியட்நாமியப் பெண் எல்லாம் ஒன்றுதான், இன்று வந்ததுதான் என்றாள். மாமா ஆங்கிலத்தில், செத்த நண்டை ஒருவரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, என் பழைய அணிக்காரரைத் தவிர என்றார். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, கைப்பையில் கார்த் திறப்பைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாமி முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தார். மாமா ஓட்டை உடைத்து உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, கதையும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டாலும், "விடுங்கோ," என்பார்.

அடுத்த ஆட்டம் வர முன்னர் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி என்று கொண்டுபோனோம், திரும்பிக் கொண்டுவரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நான் எத்தனை குடும்பங்களுக்கு அந்தச் செய்தியைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். மாமிக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் முகத்தைப் பார்த்து அவரே எடுத்துக்கொண்டார்.

செத்தவீட்டுக்கு ஸ்கிப்பர் வந்தார். தனியாக வரவில்லை, நீல டீ-சேர்ட் போட்ட ஒரு கூட்டத்தோடு வந்தார். கையில் மடித்த புதுச் சட்டை ஒன்று. பூசை தொடங்க முன்னர், கத்தோலிக்கக் கோவில் வாசலில் மாமியிடம் வந்து கையைப் பிடித்து அழுதார். பொய் அழுகை என்று நான் சொல்ல மாட்டேன், உண்மையாகத்தான் அழுதார். அது என் கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. இந்தச் சட்டையைப் பெட்டிக்கு மேலே போர்த்த வேண்டும், பெட்டி வெளியே வரும்போது நாங்கள் இரண்டு வரிசையாக நின்று அவருக்குப் பிடித்த கோஷத்தைப் போட்டு வழியனுப்ப வேண்டும், இது எங்கள் மரியாதை என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் கணவர் தலையாட்டப் போனார். மாமி ஸ்கிப்பரின் கையைத் தட்டிவிட்டார்.

மாமிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கடற்படைக் குவாட்டர்ஸில் வருஷக்கணக்காக இருந்தவர், ஸ்கிப்பரின் மனைவியோடு சிங்களத்தில்தான் கறி மாற்றிக்கொள்வார். ஆங்கிலமும் தேவைக்குத் தெரியும். அன்று மாமி ஸ்கிப்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் பேசினார்.

"இவரிட்டச் சொல்லு, பிள்ளை. கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. என்ர மனுசன் உயிரோட முன்னால இருந்து கேட்டுக்கொண்டிருக்கேக்க இவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இப்ப அவற்ர சொல்லை அவருக்கே கத்திக் காட்ட வந்திருக்கிறார். வேண்டாம். அந்தச் சொல்லெல்லாம் எங்கட வீட்டுச் சொல்லு. இரவல் குடுத்தனாங்கள். இண்டைக்குத் திருப்பித் தந்துபோட்டுப் போகட்டும். இனி ஒரு மைதானத்திலயும் அதைக் கத்தக்கூடாது."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் இத்தனை வருஷ வேலையில் ஒரு வசனத்தை அவ்வளவு சுத்தமாகச் சொன்னது கிடையாது. வேலையில் நோயாளியின் இடத்தில் நின்று சொல்வதுபோலவே, "என்ர மனுசன்" என்பதை "என் கணவர்" என்றே சொன்னேன், "எங்கட வீட்டுச் சொல்லு" என்பதை அப்படியே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பின்னால் நின்ற நீலச் சட்டைகளுக்கும் கேட்டது. அவர்களில் ஓர் இளம் பையன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான், அது ஒரு மொழி என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கிப்பர் சிங்களத்தில் ஏதோ தொடங்கினார். மாமி தலையை அசைத்து, என்னைக் காட்டினார். ஆங்கிலத்தில் சொன்னால் இவள் எனக்குத் தமிழில் சொல்வாள் என்பதுபோல. ஸ்கிப்பர் கொண்டுவந்த சட்டையைக் கோவிலில் சனம் இருக்கிற நீட்டு வாங்கில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தார். பெட்டி வெளியே போனபோது இரண்டு வரிசையாக நின்றார்கள், கோஷம் இல்லை.

அடுத்த ஆட்டம் சிட்னியில் நடந்தது. நாங்கள் போகவில்லை. யாரோ ஃபோனில் பிடித்த வீடியோ சுற்றிச் சுற்றி என் கணவருக்கு வந்தது. மாமியும் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஸ்கிப்பர் மைக்கைப் பிடித்து வரலாறு சொன்னார். மழை, சேறு, கடைசி நேரம், பந்து தலைக்கு மேலால் வந்தது, பிடித்தேன், விழுந்தேன். இரகசியச் சொற்கள் என்ற பகுதி மொத்தமாக இல்லை. பந்தை எறிந்தவரும் இல்லை. அது எங்கிருந்தோ தானாக வந்து அவருடைய கையில் விழுந்ததாகச் சொல்லிவிட்டு, எல்லோரையும் ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. மாமி கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு வசனம் சொல்வதைவிட, வாழ்நாள் முழுக்கக் கத்திய கோஷத்தையே விடுவது அவர்களுக்கு லேசாக இருந்திருக்கிறது. என் கணவர் முதன்முறையாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வாங்கில் விட்டுப்போன அந்தச் சட்டையைக் கோவில்காரர் பையில் போட்டு எங்களிடமே தந்திருந்தார்கள். கராஜில் ஒரு மூலையில் கிடந்தது. வீடியோ பார்த்த அன்று மெஷின் கசிந்தது, நான் ஆத்திரத்தில் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காலால் தேய்த்தேன். மாமி உடுப்புக் கூடையோடு வந்தவர், கூடையை வைத்துவிட்டு என்னைத் தள்ளி நிறுத்தினார்.

"எழுத்தை மிதியாதை, பிள்ளை."

குசினிக்குப் போய்க் கோழி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். ஈரச் சட்டையை மெஷினுக்கு மேலே விரித்துப் போட்டு, நங்கூரத்துக்குக் கீழே பிடித்து, இரண்டு சொல்லையும் சுற்றி வெட்டி எடுத்தார். தடித்த துணி, மூச்சு வாங்க வாங்க வெட்டினார், என்னிடம் தரவில்லை. வெட்டிய துண்டைப் பிழிந்து, முன்றானையில் ஒற்றி, வீட்டுக்குள் கொண்டுபோனார். இப்போது அது ஹோலில், மாமாவின் படச் சட்டத்தின் கீழ் விளிம்பில் செருகியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால் மாமி கதையைச் சொல்வார். பந்து எறிகிற இடம் வந்தால் எழும்பி நிற்பார், நான் கதிரையைப் பின்னால் இழுப்பேன்.

அன்று திரும்பி வந்து, நங்கூரத்தோடு மிஞ்சிய சட்டையை என்னிடம் நீட்டினார்.

"இது அவையின்ர. நிலத்தில போடு," என்றார்.